நம் ஊர்க் கம்பளியில் சுற்றிய பிள்ளை

யோவாஸ் ராஜாவின் முதலாம் வருஷம், வாற்கோதுமை அறுப்பு மாதம்
பெயெர்செபா

அக்கா அசுபாளுக்கு, தங்கை மில்காள் எழுதுவது. கர்த்தர் உன் காதில் நல்ல செய்தியையே விழவைக்கட்டும். நானும் என் வீட்டுக்காரர் யாமினும் சுகம். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, ஆடுகளில் இரண்டு சினை. உன் முழங்கால் வலி தேவலையா?

இங்கே ஊரே இரண்டுபட்டுக் கிடக்கிறது. கழுதைக்காரன் ஆனான் எருசலேமிலிருந்து வந்து கிணற்றடியில் நின்று சொன்னான்: "அந்தக் கிழவி அத்தாலியாள் ஒழிஞ்சா. சொந்தப் பேரப்பிள்ளைங்களையே வெட்டிப் போட்டுட்டு ஆறு வருஷம் ஆண்டாளே, அவதான். ஒரே ஒரு பேரன் தப்பிச்சு கோவிலுக்குள்ள ஒளிஞ்சிருந்திருக்கான். ஏழு வயசு. இப்ப அவன்தான் ராஜா. பால் கொடுத்து வளர்த்தது யாரு தெரியுமா? நம்ம ஊர் அசுபாள்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு என்ன தெரியும்? 'ஆசாரியர் வீட்டில் வேலை, சுகம்.' ஆறு வருஷமாக நீ எழுதியது இந்த ஒரு வரிதான்.

பழையதைக் கிளறுகிறேன் என்று நினைக்காதே. உன் பிள்ளை பிறந்து தவறிப்போன மாதத்தில்தான், ராஜாவின் தாய் நம் ஊர்ப் பெண் என்பதால், அவள் பிள்ளைக்குப் பால் கொடுக்க உன்னை அரண்மனைக்கு அழைத்தார்கள். எனக்கோ பிரசவக் காய்ச்சல், மார்பு வற்றிவிட்டது. என் ஏசேரையும் நீதான் வாரி எடுத்துக்கொண்டு போனாய். "ரெண்டு பக்கமும் சுரக்குதுடி, ரெண்டும் குடிக்கட்டும்" என்றாய். மழை பிடித்த பிறகு ஓர் ஆள் வந்து, ஏசேர் காய்ச்சலில் போய்விட்டான் என்று சொல்லிவிட்டுப் போனான். அதன்பின் என் வயிறு திறக்கவேயில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ராஜாவுக்கும் என் ஏசேர் வயதுதானே?

யாமின் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.


முதலாம் வருஷம், கோதுமை அறுப்பு மாதம்
எருசலேம்

மில்காளுக்கு, அக்கா. உன் வீட்டில் சமாதானம் தங்கட்டும். நான் சுகம். முழங்கால் அப்படியேதான்.

ராஜாவுக்கு ஏழு வயது. யூதாவில் ஏழு வயதுப் பிள்ளைகள் ஆயிரம் பேர் இருப்பார்கள். எனக்கு வரும் கடிதத்தைக் கோவில் வாசல் காவலர் படித்துவிட்டுத்தான் கையில் தருகிறார்கள். ஆட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் எழுது.

இந்தப் பானை ஓட்டில் இடம் தீர்ந்துவிட்டது. யாமினுக்கு என் விசாரிப்பு.


முதலாம் வருஷம், கோதுமைக் களம் முடிந்த வாரம்
பெயெர்செபா

அக்காவுக்கு மில்காள். நீ நலமாக இருக்க வேண்டும், அதுவும் வாய் திறந்து பேசும் அளவுக்கு நலமாக இருக்க வேண்டும்.

எருசலேமில் பெரிய பானையே உடைவதில்லையா? உள்ளங்கை அகலத்து ஓட்டுச் சில்லில் எழுதி, இடம் தீர்ந்துவிட்டது என்கிறாய். நான் எகிப்துத் தாளில் எழுதி, முத்திரை போட்டு, ஆனான் கையில் கொடுத்திருக்கிறேன். அவன் வாசலில் கொடுக்காமல் உன் கையில்தான் கொடுப்பான். ஆட்டைப் பற்றி எழுதச் சொன்னாய்: ஒன்று ஈன்றது.

ஆனான் முடிசூட்டு விழாவைக் கண்ணால் பார்த்திருக்கிறான். "கிரீடம் பெருசு, தலை சிறுசு. நல்ல வேளை, காது ரெண்டும் விடைச்சுக்கிட்டு நின்னுச்சு, இல்லேன்னா கழுத்துக்கு இறங்கியிருக்கும்" என்று சொல்லிச் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். நான் வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் தூங்கும்போது அவர் காதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நீயும் பார்த்திருக்கிறாய் அவருடைய அந்த விடைத்த காதை.

ஏசேர் எந்த மாதம் போனான்? எங்கே புதைத்தாய்? யார் கூட இருந்தார்கள்? இத்தனை வருஷம் கேட்கத் தெம்பில்லாமல் இருந்தேன். இப்போது கேட்கிறேன்.


முதலாம் வருஷம், திராட்சைக் கொடி கழிக்கும் மாதம்
எருசலேம்

தங்கைக்கு அக்கா. கர்த்தர் உன் மனதுக்கு அமைதி தரட்டும்.

நம் ஊரில் பாதிப் பேருக்கு அந்தக் காதுதான். ராஜாவின் தாயும் நம் ஊர்க்காரிதானே.

நீ கேட்டதற்குப் பதில். திராட்சை அறுப்பு நடந்த மாதம். மூன்று நாள் காய்ச்சல். அரண்மனை ஆட்கள்தான் எடுத்துப் போய் பெத்லகேம் வழியில் ஓரமாகப் புதைத்தார்கள். நான் தொடவில்லை, போகவுமில்லை. ராஜாவின் பிள்ளைக்குப் பால் கொடுப்பவள் பிணத்தைத் தொடக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். இடம் எனக்குத் தெரியாது.

இனி இதைக் கேட்காதே. உடம்பைப் பார்த்துக்கொள்.


முதலாம் வருஷம், அதே மாதக் கடைசி
பெயெர்செபா

அக்காவுக்கு. நலம், நலமே கேட்கிறேன். விஷயத்துக்கு வருகிறேன்.

கோவிலில், பிணம் தொட்டவர்களின் தீட்டுக் கழியச் சாம்பல் தண்ணீர் தெளிக்கும் வேலையில் இருந்த லேவியர் ஒருவர் வயதாகி இங்கே மகள் வீட்டுக்கு வந்திருக்கிறார். பெயர் மத்தனியா. பல் இல்லை, ஆனால் ஞாபகம் இருக்கிறது. அவருக்குத் தயிர் கொண்டுபோய்க் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன்.

"முதல் மழை பேஞ்ச வாரம். அரண்மனையில வெட்டு நடந்து ஒரு நாள் ஆகியிருக்கும். கோவில் பின்வாசல்ல ஒரு பொம்பளை, இடுப்புல கைக்குழந்தை. நான் பிணத்தைத் தொட்டுட்டேன், தண்ணி தெளிங்கன்னு அழுதா. யாரு பிணம்மான்னு கேட்டா வாயைத் திறக்கல. மூணாம் நாள் வந்தா, ஏழாம் நாளும் வந்தா. அவதான் ராஜாவோட தாதின்னு இப்பத்தானே தெரியுது" என்றார்.

"வெட்டு நடந்த வீட்ல யார் பிணமோ பட்டிருக்கும்" என்றேன், உனக்காகத்தான் சொன்னேன்.

"அப்படியும் இருக்கும்" என்றார். பிறகு அவரே சொன்னார்: "அந்தக் குழந்தையைச் சுத்தியிருந்தது உங்க ஊர்க் கம்பளி. பழுப்புல சிவப்புக் கோடு. அரண்மனைப் பிள்ளைக்கு ஆட்டுமயிரான்னு இப்ப நினைச்சாத்தான் விசித்திரமா இருக்கு."

பழுப்பில் சிவப்புக் கோடு. நான் நெய்தது. காய்ச்சலுக்கு முன்பு என் வயிறு தறியில் இடிக்க இடிக்க உட்கார்ந்து நெய்தது.

அக்கா, பிணத்தையே தொடவில்லை என்று எழுதினாயே, பிறகு எதற்கு ஏழாம் நாள் வரை வந்து தண்ணீர் தெளித்துக்கொண்டாய்? என் பிள்ளை திராட்சை அறுப்பிலேயே செத்திருந்தால், முதல் மழையில் அவன் கம்பளிக்குள் உயிரோடு இருந்தது யார்? கத்தி எடுத்து வந்தவர்கள் ஒரு பிள்ளையை வெட்டினார்கள். நீ ஒரு பிள்ளையோடு ஓடினாய். ஓடியது யாரோடு?


முதலாம் வருஷம், கோடைக்கனி மாதம்
பெயெர்செபா

அக்காவுக்கு. ஆனான் வந்தான். ஒரு கூடை உலர்ந்த அத்திப்பழமும் ஒரு புது மேலாடையும் கொடுத்தான். "கடிதம் எங்கடா?" என்றேன். "கொடுக்கலை. உன் தாளைப் படிச்சதும் அடுப்புல போட்டாங்க. போட்டுட்டு அங்கேயே நின்னாங்க" என்றான்.

கேட்டதற்குப் பதில் அத்திப்பழமா?

யாமினிடம் நான் எதுவும் சொல்லவில்லை. தெரிந்தால் யார் சொன்னாலும் கேட்கமாட்டார், ராஜாவிடமே போய் "டேய், வீட்டுக்கு வாடா" என்று நிற்பார். நானும் அதைத்தான் செய்யப்போகிறேன். கூடாரப் பண்டிகைக்கு வருகிறேன். ராஜா தூணின் பக்கத்தில் நிற்பானாமே, ஜனம் எல்லாம் பார்க்குமாமே. நான் முன்வரிசைக்கு வந்து "ஏசேர்" என்று ஒருமுறை கூப்பிடுவேன். திரும்புகிறானா இல்லையா, அது போதும் எனக்கு.

உடம்புக்கு ஒன்றுமில்லை. சாப்பாடுதான் இறங்கவில்லை.


முதலாம் வருஷம், பண்டிகைக்குப் பத்து நாள் முன்பு
எருசலேம்

மில்காள், என் தங்கையே. உனக்கும் எனக்கும் கர்த்தர் இரங்கட்டும்.

வராதே என்றால் வருவாய். அதனால் வா. ஆனால் கூப்பிடாதே.

அந்தக் கிழவியின் ஆட்கள் எல்லோரும் சாகவில்லை. இவன் தாவீது ராஜாவின் வம்சத்துப் பிள்ளை இல்லை என்று ஒரே ஒருத்தி கூட்டத்தில் கத்தினால் போதும், மறுநாள் காலை அவன் உயிரோடு இருக்கமாட்டான். அவன் யாராயிருந்தாலும் இருக்கமாட்டான். அவன் இன்னும் இருட்டில் தனியாகப் படுக்கமாட்டான், மில்கா. ஆறு வருஷம் ஜன்னலில்லாத அறையில் வளர்ந்தவன், திடீரென்று சத்தம் கேட்டால் உடம்பெல்லாம் விறைத்துவிடும்.

நீ எழுதியதில் எது சரி, எது தப்பு என்று நான் சொல்லப்போவதில்லை. உன் வாயில் அவன் உயிர் இருக்கிறது, அவ்வளவுதான்.

வரும்போது தலையை நன்றாக மூடிக்கொள், காற்று ஆகாது.


முதலாம் வருஷம், முதல் மழை மாதம்
பெயெர்செபா

அக்காவுக்கு மில்காள். சுகமாக வந்து சேர்ந்தேன்.

'இல்லை' என்று ஒரு சொல் எழுதியிருந்தால் போதும். உன்னால் எழுத முடியவில்லை. அதுவே எனக்குப் பதில்.

பார்த்தேன். மேடையில் தூணை ஒட்டி நின்றான். எக்காளம் ஊதியதும் பயந்து உன் மேலாடையைப் பிடித்தான், நீ குனிந்து அவன் காதில் ஏதோ சொன்னாய். எனக்குப் பத்தடி தூரம். பெயர் தொண்டை வரை வந்தது. முக்காட்டு நுனியை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்திலிருந்த கிழவி, "ஏம்மா, பல்வலியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

எனக்குக் கோபம் தீரவில்லை, தீரவும் தீராது. அவனுக்கு நீ அம்மாவாக நிற்கிறாய், நான் ஜனமாக நிற்கிறேன். ஆனாலும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டேதான் வந்தேன். யாமின் கேட்டார், "எதுக்கு இப்படிச் சிரிக்கிறே?" என்று. ராஜா நன்றாக வளர்கிறார் என்றேன்.

இனி இதைப் பற்றி எழுதமாட்டேன். அவனுக்குக் கீரை கொடு.


இருபத்துமூன்றாம் வருஷம், நாற்று மாதம்
பெயெர்செபா

அக்காவுக்கு. உன் கண் மங்குகிறது என்று கேள்விப்பட்டேன், ஆட்டு ஈரல் சாப்பிடு. யாமின் போய் இது மூன்றாம் வருஷம், உனக்குத் தெரியும். கடைசிவரை அவரிடம் நான் சொல்லவில்லை.

ராஜா கோவிலைப் பழுதுபார்க்கப் பலிபீடத்துப் பக்கம் ஒரு பெட்டி வைத்து, மூடியில் துளை போட்டிருக்கிறாராமே. ஊரே அதைப் பற்றித்தான் பேசுகிறது. "இந்த ராஜாவுக்குத்தான் வீட்டை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியுது" என்று கிணற்றடியில் சொன்னார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வளர்ப்பு அப்படி என்று சொல்லலாம், பிறப்பு அப்படி என்றும் சொல்லலாம்.

ஆனான் மகன் கையில் என் வெள்ளிக் காப்பைக் கொடுத்திருக்கிறேன். நீயே உன் கையால் பெட்டியில் போடு. பிள்ளை வீடு கட்டும்போது எவள்தான் சும்மா இருப்பாள்?


இருபத்துமூன்றாம் வருஷம், வாற்கோதுமை மாதம்
எருசலேம்

தங்கைக்கு அக்கா. சமாதானம்.

காப்பைப் போட்டேன். உன் கடைசி வரியைப் படித்தேன். பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன், மூன்று முறையும் ஓட்டைக் கழுவிவிட்டேன்.

ஈரல் சாப்பிடுகிறேன்.


நாற்பதாம் வருஷம், கோடைக்கனி மாதம்
எருசலேம்

மில்காளுக்கு, கிழவியாகிப்போன அக்கா. எழுத்து கோணலாக இருந்தால் கண்ணைத் திட்டு. இந்த முறை தாளில் எழுதுகிறேன்.

ராஜாவின் செய்தி அங்கே வந்திருக்கும். தன்னைக் காப்பாற்றிய ஆசாரியர் செத்ததும் அவன் வேறு ஆளாகிவிட்டான். அந்த ஆசாரியரின் மகனையே கோவில் முற்றத்தில் கல்லெறிந்து கொல்லச் சொன்னான். அப்புறம் சீரியர் படையெடுத்து வந்தார்கள், சண்டையில் காயம்பட்டுப் படுத்தான், படுக்கையிலேயே அவன் வேலைக்காரர்கள் அவனைக் கொன்றார்கள். தாவீதின் நகரத்தில் புதைத்தார்கள், ஆனால் ராஜாக்களின் கல்லறையில் வைக்க ஜனங்கள் விடவில்லை. "அவனுக்கு அங்க இடமில்லை" என்று கத்தினார்கள். நான் குழிப்பக்கம் நின்றேன். என் பால் குடித்த பிள்ளை, நான் அழுதேன்.

இனி அவனை யாரும் கொல்ல முடியாது. அதனால் சொல்கிறேன்.

முதல் மழை பெய்த அன்று ஆட்கள் அறை அறையாக வந்தார்கள். எத்தனை ஆண்பிள்ளைகள் என்று அவர்களுக்குத் தெரியும், எண்ணிக்கொண்டே வந்தார்கள். என்னிடம் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். ஒருவன் மெல்லிய வெள்ளைத் துணியில், நீலக் கரை போட்டது. ஒருவன் உன் கம்பளியில். கதவுக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்கும்போது நான் துணியை மாற்றினேன். ஏசேருக்கு வெள்ளைத் துணி. அவன் அழவில்லை. அந்த நீலக் கரையைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டான்.

வந்தவன் துணியைத்தான் பார்த்தான். "இது யாரு?" என்று கம்பளியைக் காட்டிக் கேட்டான். "என் பிள்ளை" என்றேன்.

அவர்கள் போனபின் ஏசேரை நான்தான் கழுவினேன். மற்றப் பிள்ளைகளோடு ராஜாக்களின் கல்லறையில் அவனை வைத்தார்கள். மறுநாள் அந்தக் கம்பளிப் பிள்ளையோடு கோவிலுக்குப் போனேன்.

தாவீதின் விளக்கு அணைந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்தேன் என்று நாற்பத்தாறு வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆசாரியரும் கடைசிவரை அப்படியே நினைத்தார். அது பொய். யாரும் என்னிடம் செய்யச் சொல்லவில்லை. ராஜாவின் பிள்ளையைக் கொடுக்காவிட்டால் என்னையும் வெட்டுவார்கள், கொடுத்துவிட்டுப் பிழைத்தாலும் நாளை ராஜாவின் ஆட்கள் அவன் எங்கே என்று என்னைக் கேட்பார்கள், உன் பிள்ளையை யாரும் கேட்கமாட்டார்கள். அந்த ஒரு நொடியில் எனக்குத் தோன்றியது இதுதான். பயந்தேன், மில்கா. உன்னைத் தவிர எல்லோருக்கும் பயந்தேன்.

நீ ராஜாவை உன் பிள்ளை என்று நினைத்தபோது, அதை உடைக்க எனக்குத் தைரியமில்லை. உன்னை நம்பவிட்டதும் நான்தான்.

உன் உடம்பு எப்படி என்று கேட்க எனக்கு வாயில்லை.


நாற்பதாம் வருஷம், ஒலிவ அறுப்பு மாதம்
பெயெர்செபா

அக்கா அசுபாளுக்கு, மில்காள் எழுதுவது.

உன் தாளைப் படித்ததும் முதலில் சந்தேகப்பட்டேன். நாற்பது வருஷப் பழக்கம், விடுமா? கொலைகாரனுக்குத் தாய் என்ற பெயர் எனக்கு வேண்டாமென்று பரிதாபப்பட்டுக் கதை கட்டுகிறாள் என்று நினைத்தேன். மறுபடி படித்தேன். நீ பொய் எழுதும்போது உன்னை எப்போதும் ஓர் ஆள் தடுத்திருப்பான், ஓர் ஆள் எடுத்துப் போயிருப்பான். இதில் உன்னைத் தவிர ஒருவரும் இல்லை. பயந்தேன் என்று எழுதியிருக்கிறாய். நம்பிவிட்டேன்.

ராஜா செத்த செய்தி வந்த அன்றே நான் மேலாடையைக் கிழித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஏழு நாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து, "யூதா முழுக்க ஒருத்தரும் அழலை, கல்லறையிலகூட சேர்க்கலையாம். நீ என்ன, பெத்தவளா?" என்று கேட்டாள். ஆனாலும் நல்லவள், துக்க வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதே என்று ஏழு நாளும் அப்பமும் பருப்பும் கொண்டுவந்தாள். எழுந்து குளித்து மூன்று வாரம்தான் ஆகிறது.

யாரோ பெற்ற பிள்ளைக்கு ஏழு நாள் அழுதிருக்கிறேன். அவன் கோவில் கட்டியபோது பெருமைப்பட்டேன், ஆசாரியர் மகனைக் கொன்றபோது என் வளர்ப்பில்லாததால்தான் இப்படி என்று உன்னைத் திட்டினேன். அத்தனை வருஷமும் என் ஏசேர் நீலக் கரையைக் கையில் பிடித்தபடி அங்கே கிடந்திருக்கிறான், அவனுக்காக நான் ஒரு நாள்கூட உட்காரவில்லை. காய்ச்சலில் போனான் என்று ஆள் வந்து சொன்னதும் நினைவு தப்பி விழுந்தேன், எழுந்தபோது துக்க நாள் எல்லாம் முடிந்திருந்தது. அப்புறம் அவன் உயிரோடு இருக்கிறான் என்று இருந்துவிட்டேன்.

உன்னை மன்னித்தேன் என்று எழுத வரவில்லை. கையை எடுத்துத் தாளில் வைத்துப் பார்த்தேன், வரவில்லை.

நாளை மறுபடியும் தரையில் உட்காரப்போகிறேன். துக்கத்தில் இருப்பவள் தன் கையால் சமைத்துச் சாப்பிடக்கூடாது, வெளியாள்தான் கொண்டுவர வேண்டும். இந்தத் துக்கம் யாருக்கு என்று நான் எந்த வெளியாளிடமும் சொல்ல முடியாது. தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

முழங்கால் வலித்தால் ஆனான் மகனிடம் சொல், கழுதை கொண்டுவருவான். நீ வரும்வரை நான் சாப்பிடமாட்டேன். சீக்கிரம் அப்பம் எடுத்துக்கொண்டு வா.